டெல்டா வெயிலில் டெஸ்க்டாப் ப்ராசஸர் சூடேறாமல் பார்த்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் கம்ப்யூட்டருக்கு வேலை குவிவதும் வெயில் கொளுத்துவதும் ஒரே சமயத்தில்தான். மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி 28 வரை நீளும். அதற்குள் வைகாசி பிறந்து முகூர்த்தங்கள் வரிசைகட்டும். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண வீடியோவை ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்குவது) போட்டுவிட்டு இரவு முழுக்க ஓடவிடுவார்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் கல்லூரி விண்ணப்பம் போட பிரௌசிங் சென்டர்களில் கூட்டம் நிற்கும். அப்போதுதான் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் சூடேறி, கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துபோகும், அல்லது மாடு மாதிரி படுத்துக்கொள்ளும்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான அறிவுரைகள் 22, 25 டிகிரி அறையில் சோதித்துப் பார்த்து எழுதியவை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 38 டிகிரியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. அதனால் இங்கே அறையின் வெப்பத்தையும் கணக்கில் சேர்த்தே எல்லாவற்றையும் பார்க்கப்போகிறோம். செலவில்லாத வழிகள் பெரும்பாலும் முதலில், அதிகம் செலவாகும் வழி கடைசியில்.

எவ்வளவு சூடு வரை பரவாயில்லை?

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தயாரித்த நிறுவனமே ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. இன்டெல் 10-ஆம் தலைமுறை முதல் 14-ஆம் தலைமுறை வரை பெரும்பாலான டெஸ்க்டாப் மாடல்களுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95. ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற எக்ஸ்3டி மாடல்களுக்கு 89. பழைய இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 வைத்திருப்பவர்கள் விவரப் பக்கத்தில் 67, 69 என்று ஓர் எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அது ப்ராசஸரின் உலோக மூடி மேல் அளக்கும் வெப்பம். மென்பொருள் காட்டுவது உள்ளே கணக்குப் போடும் பகுதியான கோரின் வெப்பம், அது எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும்.

வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் எரிந்துவிடாது. முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர ரெண்டர் இரண்டு மணி நேரமாக இழுப்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம். அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். ஆக, உடனடி ஆபத்து குறைவு. ஆனால் வருடக்கணக்கில் வரம்பை ஒட்டியே ஓடினால் ப்ராசஸரைச் சுற்றி மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் முதன்மைப் பலகை) இருக்கும் கெபாசிட்டர்களும் மின்சாரம் சீராக்கும் பாகங்களும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

நம் ஊருக்கு நான் வைக்கும் கணக்கு இதுதான். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரை சரி. முழு வேலையில் 80 வரை நிம்மதியாக இருக்கலாம். 85-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் ஏதாவது செய்ய வேண்டும்.

படி 1: இரண்டு எண்களை அளந்து எழுதுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். மேசை அருகே ஒரு சாதாரண அறை வெப்பமானியை வையுங்கள். ஃபேன்சி கடையில் குறைந்த விலையில் கிடைப்பதே போதும். அப்புறம் ப்ராசஸர் வெப்பத்தைக் காட்டும் மென்பொருள் வேண்டும். விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ அல்லது கோர் டெம்ப், இரண்டில் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் இருக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து சென்சார் பட்டியலில் இன்டெலுக்கு 'சிபியு பேக்கேஜ்' என்ற வரியைப் பாருங்கள். அங்கேயே இதுவரை எட்டிய அதிகபட்ச அளவும் தெரியும். 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரியில் 'யெஸ்' வந்திருந்தால் ப்ராசஸர் சூட்டுக்காக வேகத்தைக் குறைத்திருக்கிறது என்று பொருள்.

பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புகள்) திரையில் தெரியும் வெப்பத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். வேலை பார்க்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்பது அங்கே தெரியாது.

இப்போது நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை 20 நிமிடம் ஓடவிடுங்கள். வீடியோ ரெண்டர் என்றால் அதையே. அப்படி எதுவும் இல்லையென்றால் ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓட்டலாம். முடியும் தறுவாயில் ப்ராசஸர் வெப்பத்தையும் அறை வெப்பத்தையும் குறித்துக்கொண்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்.

இந்த இடைவெளிதான் முக்கியமான எண். ஒரே கூலர் (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் பாகம்), ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால் அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி ப்ராசஸரும் கூடும். ப்ராசஸரோடு சேர்ந்து வரும் கூலரில் 65 வாட் ப்ராசஸர் முழு வேலையில் 40 முதல் 55 டிகிரி வரை இடைவெளி காட்டுவது சகஜம். இடைவெளி 50 என்று வையுங்கள். மார்கழியில் 25 டிகிரி அறையில் ப்ராசஸர் 75-ல் நிற்கும். அதே கம்ப்யூட்டர் மே மாத மத்தியானம் 38 டிகிரி அறையில் 88-ஐத் தொடும். பெட்டிக்குள் எதுவும் கெடவில்லை, அறைதான் மாறியிருக்கிறது.

மாறாக, போன வருடம் 45 ஆக இருந்த இடைவெளி இப்போது 60 ஆகியிருந்தால், குறை பெட்டிக்குள் இருக்கிறது: தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட், சுற்றாத ஃபேன், கூலரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பின் கழன்றிருப்பது. இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போடாமல் கூலர் வாங்க ஓடுவது பணத்தை வீணாக்குவது.

படி 2: வைத்திருக்கும் இடத்தை மாற்றுங்கள்

அறையில் குளிரூட்டி இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கம்ப்யூட்டர் மேசையில் கேபினட்டுக்கென்று ஒரு கதவு போட்ட அறை இருக்குமே, முதல் குற்றவாளி அதுதான். வெளியேறிய சூடான காற்று அங்கேயே தங்கி, முன்பக்கமாக மறுபடி உள்ளே போகும். கேபினட்டை வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு பலகை மேல் வையுங்கள். தரையில் வைத்தால் கூட்டும்போது பறக்கும் புழுதி முழுக்க உள்ளேதான் போகும்.

மேற்கு ஜன்னல் பக்கம் வேண்டாம். கான்கிரீட் மாடியென்றால், தளம் பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். அதனால் நீண்ட ரெண்டரை விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கும்படி வைப்பது, மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்குவதைவிட எவ்வளவோ மேல். கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாக இருந்தால் மே, ஜூன் இரண்டு மாதமாவது கம்ப்யூட்டரை அங்கே இறக்கிவிடுங்கள்.

மின்விசிறி அறையின் வெப்பத்தைக் குறைக்காது. வெப்பமானியில் எண் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் கேபினட்டின் பின்னால் தேங்கும் சூட்டைக் கலைத்துவிடும் என்பதால் ஓடட்டும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கேபினட்டுக்கு நேராகத் திருப்பாதீர்கள். ஈரக் காற்றும் துளியும் மதர்போர்டுக்கு ஆகாது. கடலோரப் புழுக்கத்தில் அந்தக் கூலரால் காற்றைப் பெரிதாகக் குளிர்விக்கவும் முடியாது.

புழுக்கத்தைப் பற்றி ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு. ஈரப்பதம் நம் வியர்வையை உலரவிடாது, அதனால் நமக்கு வேதனை. ப்ராசஸருக்கு வியர்வை இல்லை. 34 டிகிரி புழுக்கமும் 34 டிகிரி வறண்ட காற்றும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈரத்தால் வரும் கெடுதல் துரு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், திருகுகள் துருப்பிடிக்கும். அந்தப் பக்கத்துக்காரர்கள் கடல் காற்று நேராக வரும் ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் மூடிவைக்காமல், தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

படி 3: தூசி எடுப்பது

டெல்டா தூசி வெறும் மண் தூசி கிடையாது. சம்பா அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூள், அரவை மில் பக்கம் உமித்தூள், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் பதர், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்து ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படியும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றும். அடியில் காற்று போக வழியே இருக்காது.

வருடத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். தேதி நினைவில் வைக்க எளிய வழி: ஆயுதபூஜைக்கு எப்படியும் துடைப்போம், அது ஒன்று. இன்னொன்று பங்குனியில், அறுவடைத் தூசி அடங்கி வெயில் ஏறுவதற்கு முன். மில்லிலோ மெயின் ரோட்டுக் கடையிலோ இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். பூஜையின்போது சந்தனம், குங்குமத்தைக் காற்றுத் துளைகள் மேல் வைக்காமல் பக்கத் தகட்டில் வையுங்கள்.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்; மீதி மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டை வாசலுக்கோ கொல்லைக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். பக்கத் தகட்டைத் திறந்து, பெயின்ட் அடிக்கும் மென்மையான பிரஷ்ஷால் தூசியைக் கிளப்பிவிட்டு, கையில் பிடிக்கும் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு ஃபேனையும் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்தே ஊதுங்கள். அதைக் கழற்றித் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தொட்டியில் தேங்கும் தண்ணீரும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து வரும். வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனரின் முனையையும் மதர்போர்டில் வைத்து இழுக்க வேண்டாம், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடும்.

பின்பக்கம் கார்டு போடும் துளைகளில் மூடி இல்லையென்றால் பல்லியும் எறும்பும் குடியேறும். மழைக்காலத்தில் அவை தேடுவதே இப்படிப்பட்ட கதகதப்பான இடத்தைத்தான். மூடிகள் எங்கும் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். அதற்காகக் காற்று நுழையும் முன்பக்கத்தை நெருக்கமான கொசுவலையால் இறுக்கி மூடிவிடாதீர்கள். தூசியோடு காற்றும் நின்றுபோகும். வேலை முடிந்த கையோடு உறை போட்டு மூடுவதும் தவறு, கொஞ்ச நேரம் ஆறட்டும்.

மூடியபின் ஒரு சோதனை. பக்கத் தகட்டை மாட்டிப் படி 1-இல் செய்த அளவை மறுபடி எடுங்கள், பிறகு தகட்டைக் கழற்றிவிட்டு எடுங்கள். திறந்திருக்கும்போது ஐந்தாறு டிகிரிக்கு மேல் குறைந்தால் கேபினட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். குறையவே இல்லையென்றால் கூலரையும் பேஸ்டையும் பார்க்க வேண்டும்.

படி 4: தெர்மல் பேஸ்ட்

ப்ராசஸரின் மூடிக்கும் கூலரின் அடிப்பகுதிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கும். அந்த இடைவெளியில் காற்று நின்றால் சூடு கடக்காது. அதை நிரப்பத்தான் பேஸ்ட். மூன்று நான்கு வருடத்தில் அது காய்ந்து வெடித்துப்போகும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரமே. தூசி எடுத்தும் இடைவெளி குறையவில்லையென்றால் அடுத்து செய்ய வேண்டியது இதுதான். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-ஹெச்1 போன்றவை நம்பகமானவை. ஒரு சிறிய டியூப் பல முறைக்கு வரும்.

கூலரைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் வேலை வாங்குங்கள். பேஸ்ட் இளகியிருந்தால் கூலர் எளிதில் விட்டுவரும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் ஒயரை உருவுங்கள். இன்டெலோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும். தலையில் போட்டிருக்கும் அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடும். ரைசனுக்கான ஏஎம்4 வகைச் சாக்கெட் (ப்ராசஸர் பொருந்தும் இடம்) உள்ள மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் ப்ராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்து, அடியில் இருக்கும் பின்கள் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெதுவாகத் திருகித் திருகி, ஒட்டு விட்டதும் தூக்குங்கள். இன்டெலில் ப்ராசஸரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் அடியில் இருக்கும் பின்கள் ஒரு தடவை வளைந்தால் மதர்போர்டே போச்சு.

பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். பல முறை துவைத்த பழைய வேட்டித் துணி அருமையாக உதவும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் பளபளவென்று காய்ந்ததும் நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு பேஸ்ட் வையுங்கள். இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் மூடி நீளவாக்கில் இருப்பதால் நடுவே சின்னக் கோடாக இழுக்கலாம். விரலால் தடவ வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

மாட்டுவதற்கு முன் நான்கு பின்களையும் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலைகளாக, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். திருகு வைத்த கூலர் என்றால் ஒரே மூலையை முழுக்க முடுக்காமல் ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். முடிந்தால் மதர்போர்டின் பின்பக்கம் நான்கு நுனிகளும் வெளியே தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கூலர்களில் சூட்டில் ஒரு பின் நொறுங்கி, அதனால் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஃபேன் ஒயரை 'சிபியு ஃபேன்' என்று போட்டிருக்கும் இடத்திலேயே செருகுங்கள். வேறு இடத்தில் செருகினால் பல பலகைகள் தொடங்கும்போதே ஃபேன் இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

கம்ப்யூட்டரைப் போட்ட சில நொடிகளிலேயே வெப்பம் 90-ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. உடனே அணைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

படி 5: ஃபேன்களின் திசை

முன்னாலிருந்து உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. ஃபேனின் சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். ஒரே ஒரு ஃபேன் வாங்க முடியும் என்றால், பின்பக்கம் ஏற்கெனவே ஒன்று இருக்கும்பட்சத்தில், முன்பக்கம் போடுங்கள்.

படி 6: மின் அளவைக் கட்டுப்படுத்துவது

நம் வெயிலுக்கு நான் அதிகம் நம்புவது இந்த வழியைத்தான். காசு எதுவும் ஆகாது, பலனும் உடனே தெரியும். ஐ5 12400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை அளவு 65 வாட், டர்போவில், அதாவது வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் நிலையில், 117 வாட் வரை போகும். பல மதர்போர்டுகள் டர்போ நேரத்துக்கு வரம்பே வைக்காமல் விட்டிருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போய் நீண்டநேர மின் வரம்பை 65 வாட் என்று வைத்துவிடுங்கள். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், வெப்பம் கணிசமாக இறங்கும். ஏஎம்டி-யில் இதே காரியத்துக்கு ஈகோ மோட் இருக்கிறது. ரைசன் 7000-இன் உயர்வகை மாடல்கள் வெப்ப வரம்பு இடம் கொடுக்கும் அளவு முழுவதையும் பயன்படுத்தி 95 வரை ஏறும்படியே வடிவமைக்கப்பட்டவை, அவற்றுக்கு ஈகோ மோட் மிகவும் ஏற்றது.

பயாஸைத் தொடத் தயக்கமாக இருந்தால் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக மாற்றுங்கள். டர்போ நின்றுவிடும். வெயில் காலம் முடிந்ததும் திரும்ப 100 வைத்துக்கொள்ளலாம்.

பயாஸிலேயே ஃபேன் வேகத்தையும் பாருங்கள். ஆசஸில் க்யூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று இருக்கும். சத்தத்தைக் குறைக்கும் அமைப்பு போட்டிருந்தால் மாற்றி, 75 டிகிரியில் ஃபேன் முழு வேகம் எடுக்கும்படி வையுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு ப்ராசஸரே நிலைகுலையும் குறைக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. பேஸ்ட் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பயாஸ் புதுப்பிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டு செத்துப்போகலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

படி 7: புதிய கூலர் எப்போது?

மேலே சொன்ன எல்லாம் செய்தும் மே மாதத்தில் 85-க்கு மேலேயே நின்றால் டவர் வகைக் கூலர் வாங்கலாம். டீப்கூல் ஏஜி400, ஏகே400 போன்ற ஒற்றை டவர் கூலர்கள் 65 வாட் ப்ராசஸருக்குத் தாராளம். முதலில் கேபினட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இவை 15 சென்டிமீட்டர் உயரமும் அதற்குச் சற்று மேலும் இருப்பதால் பழைய ஒல்லியான கேபினட்டில் மூடி மூடாது. சாக்கெட்டும் பொருந்த வேண்டும். இன்டெல் 10, 11-ஆம் தலைமுறையில் கூலர் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், 12 முதல் 14 வரை 78. தண்ணீர் வகைக் கூலரை நான் பரிந்துரைப்பதில்லை. அதுவும் அறை வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. பம்ப் நின்றால் மாற்று கிடைக்கும்வரை வேலை முடங்கும், ஒற்றை ஃபேன் கெட்டால் பக்கத்து ஊரிலேயே வாங்கி மாட்டிவிடலாம்.

சூடு காரணமில்லாமலும் அணையும்

ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் அதிகபட்சம் 75-ஐத் தாண்டாமலேயே கம்ப்யூட்டர் அணைந்தால் சந்தேகத்தை எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்புங்கள். சாயங்காலம் ஊரே விளக்கும் மோட்டாரும் போடும்போது வோல்டேஜ் இறங்குவது, யுபிஎஸ் பேட்டரி செத்திருப்பது, எர்த் இல்லாத பிளக் பாயின்ட் எல்லாமே காரணமாகலாம். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருந்தால், முறையாக அணைக்காமல் நின்றது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். சூடுதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சும்மா இருக்கும்போதே 70-க்கு மேல் போனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எந்த நிரல் ப்ராசஸரைத் தின்கிறது என்று பாருங்கள். திருட்டு மென்பொருளோடு ஒட்டிவரும் மைனர்கள் (பிறருக்காகக் கிரிப்டோ நாணயம் உருவாக்கும் நிரல்கள்) இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும்.

கடையில் கொடுத்துச் செய்வதென்றால் நீங்கள் குறித்துவைத்த அறை வெப்பம், ப்ராசஸர் வெப்பம், இடைவெளி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கேபினட் மேல் ஒட்டிக் கொடுங்கள். எந்தப் பேஸ்ட் போடுவார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடையில் குளிரூட்டி ஓடினால் அந்த அறையின் வெப்பத்தையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள். இடைவெளி குறையாமல் இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் கூலரை மறுபடி கழற்றி மாட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.